பி.ஏ. வரலாற்றுக்கு ஃபீஸ் எவ்வளவு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் மதுரைக் கல்லூரிகளின் வாசலைப் பார்த்திருப்பீர்கள். கோரிப்பாளையத்தில் இறங்கி அமெரிக்கன் கல்லூரிக்கும், தெப்பக்குளத்துப் பக்கம் தியாகராசர் கல்லூரிக்கும், சொக்கிகுளத்தில் லேடி டோக் கல்லூரிக்கும் உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் என்று எங்கிருந்தெல்லாமோ அப்பாவும் பிள்ளையுமாக வந்துகொண்டே இருப்பார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே மார்க் ஷீட் ஜெராக்ஸ். இவர்களில் பல பேர் வீட்டிலேயே செல்போனில் கல்லூரியின் இணையதளத்தைத் திறந்து பார்த்தவர்கள்தான். பார்த்த பிறகும் பஸ் ஏறி வந்து கேட்க வேண்டியிருக்கிறது. ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

வந்தவர் கேட்பது என்ன? பி.ஏ. வரலாற்றுக்கு ஃபீஸ் எவ்வளவு? எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா? காலையா, மாலையா? ஹாஸ்டல் உண்டா? கடைசித் தேதி என்றைக்கு? சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் போடுவது? துறையின் பக்கத்தைத் திறந்தாலோ கட்டடத்தின் படம் ஓடுகிறது, பிறகு குத்துவிளக்கு ஏற்றும் படம், பிறகு பொன்னாடை போர்த்தும் படம். அதற்குக் கீழே துறையின் தொலைநோக்கு, குறிக்கோள் என்று இரண்டு பத்தி. அதை எந்தத் துறைக்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. 2010-இல் ராண்டல் மன்ரோ என்ற அமெரிக்கக் கார்ட்டூன்காரர் இரண்டு வட்டங்கள் வரைந்தார். ஒன்றில், பல்கலைக்கழக முகப்புப் பக்கத்தில் இருப்பவை. மற்றதில், அங்கே வருகிறவர்கள் தேடுபவை. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரே ஒரு விஷயம்தான் எழுதியிருந்தார்: கல்லூரியின் முழுப் பெயர்!

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழுவுக்காக சுயமதிப்பீட்டு அறிக்கையை இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். அதனால் பக்கத்தைக் கட்டும்போதே மனதில் இருப்பவர் குழு உறுப்பினர். அவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார். உசிலம்பட்டிப் பையன் ஒவ்வொரு மே மாதமும் வருகிறான். அறிக்கை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு தனிப் பக்கம் போதும்.

வலை என்பது பிறந்ததே ஜெனீவாவில், செர்ன் ஆய்வுக்கூடத்தில். அங்கிருந்தவர்களை முதலில் அதன் பக்கம் இழுத்தது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, ஆய்வுக்கூடத்தின் டெலிபோன் டைரக்டரி. யாருடைய நம்பர் என்ன என்று பார்க்கத்தான் ஆட்கள் வந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் துறைத்தலைவரின் நம்பரை மூன்று இடத்தில் தட்டித் தேட வேண்டியிருந்தால் என்ன சொல்வது?

அடுத்தது எழுத்து. இதில் கொஞ்சம் நிற்கிறேன். இன்னமும் சில அறிவிப்புகள் பாமினி எழுத்துருவில் வருகின்றன. அந்த எழுத்துரு இல்லாத செல்போனில் 'தமிழ்' என்ற சொல் எப்படித் தெரியும் தெரியுமா? ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. தமிழ்த் துறையின் பெயரே அப்படித் தெரிந்தால் எப்படி இருக்கும்! தமிழக அரசு 2010-இலேயே எல்லாச் செல்போனுக்கும் பொதுவான யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. இதற்கு முன்மாதிரி தேட வெளியே போக வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். அந்தப் பக்கத்தில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. நூலின் எண், பெயர், ஆசிரியர், தட்டினால் நூல். எழுத்து முறை மாறியபோது டிஸ்கிக்கும் பிறகு யூனிகோடுக்கும் அவர்களும் மாறினார்கள். கிராமத்தில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் அந்தப் பக்கம் திறந்துவிடும்.

எழுத்தைக் காதால் வாசிக்கிறவர்களும் உண்டு. அழகர்கோவில் சாலைப் பக்கம், சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தின் பள்ளி இருக்கிறது. எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் தொடங்கிய சங்கம் அது. பார்வையில்லாத மாணவர்கள் எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக்கொண்டுதான் வலையில் உலவுகிறார்கள். என்.வி.டி.ஏ. என்ற ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால், சேர்க்கை அறிவிப்பில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஸ்கேன் செய்து படமாக ஏற்றிவிட்டால் அந்த மென்பொருளுக்கு அங்கே வாசிக்க எழுத்தே இருக்காது. 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அதே அறிவிப்பை நாலு வரி தட்டச்சு செய்து போட்டால் விஷயம் முடிந்தது. மேலே வரிசையாக ஓடுகிற 'புதியது, புதியது' எழுத்தும் இடைஞ்சல்தான். ஐந்து விநாடிக்கு மேல் தானாக ஓடுகிற எதையும் நிறுத்த ஒரு வழி இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட வலை நெறி.

அழகு வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வேண்டும். வரலாற்றுத் துறை என்றால், மதுரைக்குப் பக்கத்திலேயே கீழடி இருக்கிறது. அகழாய்வுக் குழிக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்கும் மாணவிகளின் ஒரு படம், பத்து பொன்னாடைப் படத்துக்குச் சமம். தாவரவியல் என்றால் அழகர்மலையில் பறித்து மாணவர்களே ஒட்டிய ஓர் இலை, கீழே அவர்கள் கையால் எழுதிய பெயர்ச்சீட்டு. ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் பட்டங்களை அடுக்குவதைவிட, இந்த வருஷம் அவர் என்ன பாடம் எடுக்கிறார் என்று ஒரு வரி போடலாம். போன வருஷக் கேள்வித்தாளையும் போட்டு வைத்தால் படிக்கிற பிள்ளைகள் தாங்களாகவே திரும்பத் திரும்ப வருவார்கள்.

துறைத்தலைவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு யோசனை. வெப் டிசைனரைக் கூப்பிடும் முன்னால், அலுவலகத்தில் போன் எடுக்கிறவர் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுங்கள். ரிசல்ட் வருகிற வாரம் முழுக்க, போனில் யார் என்ன கேட்டாலும் கேட்டபடியே எழுதச் சொல்லுங்கள். ஒரே கேள்வி திரும்ப வந்தால் பக்கத்தில் கோடு போடட்டும். எந்தக் கேள்விக்குக் கோடு அதிகமோ, அதன் பதில் முகப்பில் முதல் வரி. டிசைனருக்கு அந்த நோட்டையே கொடுத்துவிடலாம்.