யாருகிட்டம்மா கடன் வாங்கறது?

மைக் பிடிச்சுப் பேசறது எனக்கு இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

என் பொண்ணு மூணாம் வகுப்பு. பத்தாம் வாய்ப்பாடு வரைக்கும் கடகடன்னு ஒப்பிப்பாள். ஒருநாள் 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். ரெண்டிலிருந்து ஏழு போகாதுன்னு, ஏழிலிருந்து ரெண்டைக் கழிச்சிருக்கிறாள். "பக்கத்துல கடன் வாங்குடி" என்று கத்தி, தலையில் ஒரு குட்டும் வச்சிட்டேன். "யாருகிட்டம்மா கடன் வாங்கறது? எப்ப திருப்பித் தரணும்?" என்று அழுதுகொண்டே கேட்டாள். எனக்குப் பதில் தெரியலை. நானும் பத்தாவது வரைக்கும் அப்படித்தான் வாங்கினேன், யாருகிட்டன்னு கேட்டதில்லை. அதுக்கப்புறம் நான் கிட்ட போனாலே நோட்டை மூடிக்கொள்வாள். அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்தது. மறு வருஷம் நாலு, அஞ்சுக்கும் வந்தது. பொருளைக் கையில் தொட்டு எண்ணிப் படிக்கிற முறை. அதையே வீட்டில் செய்து பார்த்தேன். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு அஞ்சு கட்டு, தனியாக ரெண்டு குச்சி. "இதுல 27 எனக்குக் கொடு" என்றேன். ரெண்டு கட்டு கொடுத்தாள். இன்னும் ஏழு வேணும், உதிரி ரெண்டுதான். முழிச்சாள். நான் வாயைத் திறக்கலை. விடை தெரிஞ்சும் சும்மா இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்! கடைசியில் ஒரு கட்டைப் பிரித்து, பன்னிரண்டில் ஏழை எடுத்துக் கொடுத்தாள். மிச்சம் ரெண்டு கட்டு, அஞ்சு குச்சி. "இது கடனே இல்லம்மா, நம்ம கட்டைத்தான் பிரிச்சோம்" என்றாள்.

இப்ப அடுப்படியிலயே கணக்குதான். 23 முந்திரிக்கொட்டையை நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு அஞ்சு, மீதி மூணை என்ன செய்யறதுன்னு தம்பியோட சண்டை. முன்னெல்லாம் "கூட்டணுமா, கழிக்கணுமா?" என்றுதான் முதலில் கேட்பாள். "அதை விடு, என்ன நடந்துதுன்னு கதையா சொல்லு" என்பேன். சொல்லும்போதே வழி பிடிபட்டுடுது. எப்பவும் இல்லை, பாதி நாள்தான்.

போன மாசம் குழு நோட்டை வச்சே கேட்டேன். 12 பேர், ஆளுக்கு 100 ரூபாய் சேமிப்பு, கையில் இருக்கறது 900. பன்னிரண்டு புள்ளி வச்சு, ஒன்பதை அடிச்சு, "மூணு பேர் கட்டலைம்மா" என்றாள். அந்த மூணு பேர் யாருன்னு நான் இங்கே சொல்ல மாட்டேன்.