பதினொன்றாம் வகுப்புக்குத் திரும்பிப் போங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை நம் பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் கிடைக்கின்றன. பொறியியல் என்று முடிவாகிவிட்ட வீடுகளில் அந்த மாதங்கள் கட்-ஆஃப் கணக்கிலும் கவுன்சிலிங் பேச்சிலும் கரைகின்றன. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று தெரிந்த மறுநாளே அடுத்த கேள்வி வருகிறது: சேருவதற்கு முன் என்ன படித்துவைக்கலாம்? ஊரில் அதற்கு ஒரே பதில் தயாராக இருக்கிறது. பைதான் படி, சி படி, செயற்கை நுண்ணறிவு பற்றி ஏதாவது ஒரு குறுகிய காலப் படிப்பில் சேர். பெற்றோரும் சிரமப்பட்டாவது பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான மாணவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது என்றே நான் கருதுகிறேன். முதலாண்டில் பிள்ளைகளை இடறிவிடுவது, தெரியும் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிற பழைய பாடம்தான். முன்னால் ஓடுவதற்கு முன் பின்னால் ஒருமுறை போய்வர வேண்டும். குறிப்பாக, பதினொன்றாம் வகுப்புக்குப் போய்வர வேண்டும்.

இதைப் பாடத்திட்டத்திலிருந்தே காட்ட முடியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கு 2021ஆம் ஆண்டு வந்த ஒழுங்குமுறையை எடுத்துக்கொள்வோம். முதல் செமஸ்டர் கணிதத்தின் பெயர் ‘மேட்ரிசஸ் அண்டு கால்குலஸ்’, அதாவது அணிகளும் நுண்கணிதமும். அதில் முதலில் வந்தது ஐகன் மதிப்பு. பெயரைக் கேட்டாலே புதிதாக, பயமாக இருக்கும். ஆனால் ஒரு கணக்கைச் செய்து பார்த்தால் உண்மை வேறு. மூன்றுக்கு மூன்று அணி ஒன்று தரப்படுகிறது. அதிலிருந்து ஓர் அணிக்கோவையை எழுதி விரித்தால் முப்படிச் சமன்பாடு வரும். அதற்கு ஒரு மூலத்தை முயன்று கண்டுபிடித்து, தொகுமுறை வகுத்தலால் இருபடியாக்கி, மற்ற இரண்டையும் காண வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒருங்கமைச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். இத்தனை படிகளில் உண்மையிலேயே புதியது முதல் யோசனை மட்டும்தான். அதைப் பேராசிரியர் ஒரே வகுப்பில் சொல்லிவிடுவார். மீதி எல்லாம் பள்ளியில் செய்த வேலை. அணிக்கோவையை விரிக்கும்போது ஒரு கழித்தல் குறி தவறிப்போனால் முப்படிச் சமன்பாடே மாறிவிடும். அதன் பிறகு இரண்டு பக்கம் எழுதினாலும் விடை வராது. அந்த மாணவர் ‘ஐகன் மதிப்பு எனக்குப் புரியவில்லை’ என்று சொல்வார். அவருக்கு அது புரிந்துதான் இருக்கிறது. கையில் பழக்கம் இல்லாமல் போனது பள்ளிக் கணக்கு. அதே தாளின் கடைசிப் பகுதியில் இரட்டைத் தொகையீடு வந்தது. வட்டமான பரப்பு என்றால் போலார் ஆயங்களுக்கு மாற்றச் சொல்வார்கள். மாற்றிய பின் சைன் வர்க்கத்தைத் தொகையிட வேண்டியிருக்கும். அதை இரட்டைக் கோணத்தின் காஸாக எழுதத் தெரியாதவர் அங்கேயே நின்றுவிடுவார். அந்தச் சூத்திரம் பிளஸ் ஒன் முக்கோணவியலில் இருக்கிறது.

இயற்பியலும் அப்படித்தான். அதே முதல் செமஸ்டரில் நிலைமத் திருப்புத்திறன் வந்தது, அலைவுகள் வந்தன. இரண்டுமே பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள். பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். தாள்களின் பெயரும் வரிசையும் மாறும். ஆனால் முக்கோணவியல், வெக்டர், வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் மேல் ஏறி நிற்காத பொறியியல் முதலாண்டு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

பிறகு ஏன் அந்த ஒரு வகுப்பு மட்டும் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது? பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் சேர்க்கை முறையைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2007இலிருந்து இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளும் தனிப்பயிற்சிக்கு வசதியில்லாதவர்களும் பொறியியலுக்குள் வர அது வழி திறந்தது. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த 200 மதிப்பெண்ணும் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து மட்டுமே வருகிறது. எண்ணப்படாத வகுப்பு எப்படி நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. அடுத்த ஆண்டே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று அரசு அறிவித்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தப் பொதுத்தேர்வும் நீக்கப்பட்டது. குழந்தைகளின் தேர்வுச் சுமையைக் குறைத்தது சரியா தவறா என்பது தனி விவாதம். எனக்குக் கவலை தருவது இதுதான்: எந்த வகுப்பின் மேல் முதலாண்டு கட்டப்பட்டிருக்கிறதோ, அந்த வகுப்பை யாரும் கேட்காமலே ஒரு பிள்ளை கல்லூரிக்குள் வந்துவிட முடிகிறது.

‘அதற்குத்தான் கல்லூரியில் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துகிறார்களே’ என்று சிலர் சொல்வார்கள். நடத்துகிறார்கள், நல்லதுதான். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் புதிய மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் அதில் யோகா உண்டு, விளையாட்டு உண்டு, சொற்பொழிவு உண்டு, ஊரைச் சுற்றிப் பார்ப்பதும் உண்டு. பதினொன்றாம் வகுப்பு முக்கோணவியலுக்கு அதற்குள் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? செமஸ்டர் தொடங்கிவிட்டால் அதுவும் இல்லை. முதல் இன்டர்னல் தேர்வு வந்து நிற்கும்.

இதைவிட வலுவான மறுப்பு வேலைவாய்ப்பைப் பற்றியது. கணினித் துறைதானே வேலை தருகிறது, பழைய சூத்திரங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி. நிரல் எழுதக் கற்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைதான் இருந்தது, அதுவும் அரிச்சுவடியிலிருந்து. பட்டியலில் மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி, அடுக்கிவைத்த சீட்டுகளுக்கு நடுவே புதிய சீட்டை எங்கே செருகுவது என்றுதான் தொடங்கினார்கள். கணினியைத் தொட்டே பார்க்காதவரையும் மனத்தில் வைத்து எழுதிய பாடம் அது. கணிதத் தாள் அப்படி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பள்ளிக் கணிதம் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் முதல் வகுப்பே தொடங்கும். கல்லூரி சொல்லித்தரப் போவதை முன்கூட்டிக் காசு கொடுத்துப் படிப்பதைவிட, கல்லூரி இனி எப்போதுமே சொல்லித்தராததைச் சரிசெய்துகொள்வதுதான் லாபம். செயற்கை நுண்ணறிவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரியைப் பழக்குவது என்றால், அது செய்யும் பிழையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. எந்தப் பக்கம் நகர்ந்தால் பிழை குறையும் என்று சொல்வது வகைக்கெழு. ஏராளமான தரவுகளைச் சுருக்கி முக்கியமானதை எடுக்கும் முறை ஒன்றின் அடியில் இருப்பது அதே ஐகன் மதிப்பு. ஆக, அந்தத் துறைக்குப் போக விரும்புகிற பிள்ளைக்குத்தான் பழைய புத்தகம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

சரி, திரும்பிப் படிப்பது என்றால் எப்படி? இங்கே நம் பள்ளிப் பழக்கம் குறுக்கே நிற்கும். பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளையும் பழைய வினாத்தாள்களையும் திரும்பத் திரும்பப் பார்த்து மனத்தில் ஏற்றுவதில் நம் பிள்ளைகள் வல்லவர்கள். அந்த முறை எவ்வளவு தூரம் கூட வரும்? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு குழு ஓர் அமர்வில் வாசித்துவிட்டு, அடுத்த மூன்றிலும் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். வாசித்தவர்களே ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களிடம் 40 தான் மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 இருந்தது. நாளைய தேர்வுக்கு வாசிப்பு போதும். நான்கு மாதம் நீள்கிற செமஸ்டருக்கு அது போதாது. அது உரைநடைப் பகுதியை வைத்துச் செய்த ஆய்வாயிற்றே, கணக்குக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். கணக்கில் ஆபத்து இன்னும் கூடுதல் என்பதே என் பதில். தீர்த்துவைத்த கணக்கைக் கண்ணால் தொடரும்போது ஒவ்வொரு வரியும் நியாயமாகவே தோன்றும். யூடியூபில் ஒருவர் போட்டுக் காட்டுவதைப் பார்த்தால் நமக்கும் வந்துவிட்டது போலவே இருக்கும். அடுத்த வரியை நாமே முடிவு செய்ய வேண்டிய இடத்தில்தான் நமக்குத் தெரியாதது தெரியவரும். ஆகவே புத்தகத்தின் எடுத்துக்காட்டு ஒன்றை ஒருமுறை படித்துவிட்டு, மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். சிக்கிக்கொண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு பிறகு திறந்து பாருங்கள். இரண்டு நாள் கழித்து அதே கணக்கை மறுபடி போடுங்கள். தினமும் ஒரு மணி நேரம் போதும். இரண்டு ஆண்டுகள் தேர்வு தேர்வு என்று ஓடிய பிள்ளைகளுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லும் தாய்மார்களோடு எனக்குச் சண்டை இல்லை. மீதி நேரம் முழுக்க அவர்களுடையது.

பள்ளியில் அறவே பார்க்காத ஒரு பாடமும் முதலாண்டில் உண்டு: பொறியியல் வரைபடம். ஒரு பொருளை மேலிருந்தும் முன்னிருந்தும் பார்த்தால் எப்படித் தெரியும், சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் என்ன வடிவில் இருக்கும் என்று மனக்கண்ணால் திருப்பிப் பார்க்கும் திறன் அதற்கு வேண்டும். அது பிறவியிலேயே வருவது என்றும், பெண் பிள்ளைகளுக்குக் குறைவு என்றும் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியர் இதைச் சோதித்துப் பார்த்தார். முதலாண்டு மாணவர்களுக்கு வடிவங்களைச் சுழற்றிப் பார்க்கும் தேர்வு ஒன்று வைத்தபோது தேறாதவர்களில் பெண்களின் விகிதம் கூடுதலாகத்தான் இருந்தது. தேறாதவர்களுக்காக 1993இல் ஒரு சிறிய பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். கட்டைகளைக் கையில் அடுக்கிப் பார்ப்பது, அதைத் தாளில் வரைவது, திருப்பி மறுபடி வரைவது, அவ்வளவுதான். பயிற்சி பெற்றவர்களின் மதிப்பெண் நன்றாகவே ஏறியது. பொறியியலை விட்டுவிடாமல் தொடர்ந்த பெண்களின் விகிதமும் கூடியது. வீட்டில் இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு சோப்புக் கட்டியைச் சாய்வாக நறுக்கி, வெட்டிய முகத்தை நறுக்குவதற்கு முன்பே வரைந்து பார்க்கலாம். தீப்பெட்டிகளை அடுக்கி மூன்று பக்கத் தோற்றங்களையும் வரையலாம்.

கடைசியாக, வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்களைப் பற்றி. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்திருக்கிறது. தமிழ்வழியில் படித்து வருகிறவர்கள் அவர்களில் பலர். அவர்களிடம் ‘உனக்கு அடிப்படை போதாது’ என்று சொல்வது எளிது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆய்வாளர் இதுபோன்ற பேச்சைத்தான் சோதித்தார். கறுப்பின மாணவர்கள் முதலாண்டு நுண்கணிதத்தில் அதிகம் தோற்றதற்கு உழைப்பின்மையையும் குடும்பத்தையும் பலர் காரணம் காட்டினார்கள். அவர் கூடவே இருந்து பார்த்தபோது அவை எதுவும் நிற்கவில்லை. அவர் கவனித்த 20 கறுப்பின மாணவர்களில் 18 பேர் ஒழுங்காக, ஆனால் தனியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் போட்ட கணக்கை மாலையில் கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சரிபார்த்துக்கொண்டார்கள். தெரியாததைக் கேட்க வெட்கப்பட வேண்டியிராத ஒரு கூட்டம் அவர்களுக்கு இருந்தது. நம் ஊர்களிலும் ஒரே பள்ளியிலிருந்து இரண்டு மூன்று பேர் பொறியியலுக்குப் போகிறார்கள். கல்லூரி வேறு வேறாக இருக்கலாம். இந்தக் கோடையில் வாரம் இரண்டு மாலை சேர்ந்து உட்காரலாமே. தமிழ்வழியில் படித்தவர்கள் ஒரு நோட்டில் வகையிடலுக்கு எதிரே டிஃபரன்சியேஷன், அணிக்கோவைக்கு எதிரே டிட்டர்மினண்ட் என்று எழுதி வரட்டும். தமிழில் புரிந்துகொண்ட கணக்கு புரிந்த கணக்குதான். மாற்றிக்கொள்ள வேண்டியது பெயரை மட்டும். அதற்கு இருநூறு சொற்கள்கூடத் தேவைப்படாது.

பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகம் இதற்குள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தாலும் கவலை வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இரண்டு தொகுதிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன, தமிழிலும் ஆங்கிலத்திலும். முதல் தொகுதியின் மூன்றாவது அத்தியாயம் முக்கோணவியல். ரேடியன் அளவிலிருந்து இரட்டைக் கோணச் சூத்திரங்கள்வரை இந்த வாரம் போட்டுப் பார்த்துவிடலாம்.