மறைவிட அக்கியும் கர்ப்பிணிகளும்
(திருவண்ணாமலையில் ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



உடம்பில் அக்கி கண்டால் குயவரிடம் சென்று காவியால் எழுதிக்கொள்வது நம் நாட்டில் பழைய வழக்கம். அக்கியை உண்டாக்கும் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறொன்று மறைவிடத்தில் கொப்புளங்களை எழுப்பும்போதோ, குயவரிடமும் காட்ட இயலாது. வெட்கத்தால் வைத்தியரிடமும் காட்டுவதில்லை. மேகநோய் என்று பெயர் சூட்டி, நோயாளியை வீட்டாரே ஒதுக்கிவிடுகின்றனர்.

15 முதல் 49 வயதுள்ளோரில் ஐவரில் ஒருவருக்கு மேல் இத்தொற்று உண்டென்பது 2020-ம் ஆண்டைப் பற்றிய உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு. பெரும்பாலோர் அதை அறியார். கிருமி புகுந்து பல வருஷங்கள் கழித்தும் முதற் கொப்புளம் தோன்றக்கூடும். ஆகவே, கொப்புளம் கண்ட மறுநாளே மனைவியைச் சந்தேகித்துப் பிறந்தகம் அனுப்புவது பெரும் அநியாயம். அது புருஷனிடமிருந்தே வந்திருக்கலாம். பாத்திரத்தாலோ, கிரிவலக் கூட்டத்தில் உரசி நடப்பதாலோ இது பரவாது. தனித் தட்டு வைப்பதால் அவமானமே மிச்சம்.

கிருமியை அடியோடு ஒழிக்கும் மருந்து இல்லை. எனினும் அசைக்ளோவிர் மாத்திரை புண்ணை விரைவில் ஆற்றும். அரசாங்க ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவில் ஏழு நாளைய மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். உப்பு நீரால் கழுவி, புண்ணை உலர்ந்திருக்கச் செய்தல் நலம். சிறுநீர் எரிந்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கழிக்கலாம். ஆறும்வரை சேர்க்கை கூடாது. புண் இல்லாத நாளிலும் பரவக்கூடுமாதலால் உறை உதவும்.

கர்ப்பிணியின் விஷயம் விசேஷமானது. முன்பே தொற்றுள்ள தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புச் சக்தி சிசுவுக்கும் சேருவதால், அபாயம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பிரசவத்தை நெருங்கிய மாதங்களில் புதிதாகத் தொற்றினாலோ, அது நூற்றுக்கு 30 முதல் 50 வரை ஏறும். ஆதலின் நோயுள்ள புருஷன் அக்காலத்தில் விலகியிருத்தல் கடமை. 36-வது வாரம் முதல் மாத்திரை கொடுப்பதுண்டு. பிரசவ வேளையில் புண் இருந்தால் சஸ்திர சிகிச்சையால் குழந்தையை எடுப்பர்.

டாக்டருக்குத் தெரிந்தாலன்றி இவை நடவா. வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்பவளுக்குப் புதிய ஊர், புதிய நர்ஸ். வளையலோடு ஆஸ்பத்திரிச் சீட்டும் போகவேண்டும். நோயும் அதில் குறிக்கப்பட வேண்டும். மாமியார் அறியாமலே நர்ஸிடம் சொல்ல அவளுக்கு உரிமையுண்டு.

மார்பில் புண் இல்லையேல் தாய்ப்பாலுக்குத் தடையில்லை. சிசு பால் குடியாமல் சோர்ந்தாலோ, ஜுரமோ கொப்புளமோ கண்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உதட்டில் கொப்புளம் உள்ளவர், பாட்டியாயினும், சிசுவை முத்தமிடலாகாது.