வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?



பொதுத் தேர்தல் நாளில் நம் கையில் ஒரு வாக்குச் சீட்டைத் தருகிறார்கள். அதில் சில பெயர்களும் சின்னங்களும் அச்சிடப்பட்டிருக்கின்றன. நாம் ஒன்றுக்கு எதிரே குறியிட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறோம். நாட்டை ஆளப் போகிறவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று மனநிறைவு கொள்கிறோம். ஆனால் அந்தப் பெயர்கள் சீட்டில் ஏறியது எப்படி? அவற்றை முதலில் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? இதனைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

பிரிஞ்சாங் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். இங்கே விளையும் கோசும் தக்காளியும் லோரியில் ஏறிக் கோலாலம்பூர்ச் சந்தைக்குப் போகின்றன. சந்தையில் நிற்பவர், வந்திருக்கும் காய்களில் நல்லதைப் பொறுக்கலாம். லோரியில் ஏறாத காயை அவரால் பொறுக்க முடியாது. எது ஏற வேண்டும் என்பது தோட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. தேர்தலும் அப்படித்தான். பொதுத் தேர்தல் சந்தை என்றால், கட்சிக்குள் நடக்கும் தேர்வுதான் தோட்டம்.

நமது தொகுதியின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். கேமரன் மலை என்னும் நாடாளுமன்றத் தொகுதி 2004ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகத் தேர்தலைக் கண்டது. அவ்வாண்டிலும் 2008இலும் ம.இ.கா.வைச் சேர்ந்த எஸ்.கே. தேவமணி வென்றார். 2013இல் அவர் சுங்கை சிப்புட்டுக்குப் போட்டியிடச் சென்றார். இங்கே கட்சியின் தேசியத் தலைவர் ஜி. பழனிவேல் நின்று, 462 வாக்குகள் அதிகம் பெற்று வெற்றி கண்டார். 2018 தேர்தல் நெருங்கியபோது, இத்தொகுதி யாருக்கு என்று ம.இ.கா.வுக்கும் மைபிபிபி கட்சிக்கும் இடையே நீண்ட வாதம் நடந்தது. முடிவில் ம.இ.கா.வின் சி. சிவராஜ் நிறுத்தப்பட்டு, 597 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று கண்ட தேர்தல் நீதிமன்றம், 2018 நவம்பர் 30 அன்று அவ்வெற்றி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 26இல் நடந்த இடைத்தேர்தலில் தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர் 3,238 வாக்குகள் அதிகம் பெற்றார். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி அவரே.

இந்த எண்களைச் சற்றே கவனியுங்கள். 462 வாக்குகள் என்பது என்ன? இரண்டு மூன்று தோட்டங்களின் லயங்களில் அடங்கிவிடக் கூடிய எண்ணிக்கை. சுங்கை பாலாசும் ஹாபுவும் புளூவேலியும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரை ஆக்கவும் முடியும், வீழ்த்தவும் முடியும். இவ்வளவு வலிமை உள்ள நாம், வேட்பாளர் யார் என்ற பேச்சு நடந்த காலத்தில் எங்கே இருந்தோம்? கொடியும் சுவரொட்டியும் ஏறிய பிறகுதானே நம்மில் பலர் பெயரையே கேள்விப்பட்டோம்?

இனி, கட்சியின் உள்ளே போய்ப் பார்ப்போம். 1946இல் தோன்றிய ம.இ.கா.வின் அடித்தளம் கிளைகள்தாம். கிளைகளின் ஆதரவு இல்லாமல் எவரும் தலைமைப் பதவிக்குப் போட்டியிட இயலாது. 1977ஆம் ஆண்டில் அக்கட்சியின் தேசியத் துணைத் தலைவர் பதவிக்கு இருவர் போட்டியிட்டனர். ஒருவர் ச. சாமிவேலு; மற்றவர் எஸ். சுப்பிரமணியம். சாமிவேலு 26 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், தேசியத் தலைவர் வெ. மாணிக்கவாசகம் காலமானார். துணைத் தலைவராக இருந்தவர் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2010 வரையில் அவரே தலைவர்.

இருபத்தாறு வாக்குகள், முப்பத்தோர் ஆண்டுத் தலைமை! அந்தத் தலைமை நல்லதா அல்லதா என்பதை இங்கே நாம் ஆராயவில்லை. அதனைப் போற்றுவோரும் உண்டு, குறை கூறுவோரும் உண்டு. நாம் காண வேண்டியது ஒன்றே. பதினான்கு பேர் மனம் மாறியிருந்தால் போதும், ஒரு சமுதாயத்தின் முப்பதாண்டு வரலாறு வேறு வழியில் போயிருக்கும். அந்தப் பதினான்கு பேரையும் பேராளர்களாக அனுப்பியவை நம்முடையவை போன்ற கிளைகளே.

மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக ஹியூபர்ட் ஹம்ஃப்ரி அறிவிக்கப்பட்டார். மாநிலங்களில் நடந்த முதனிலைத் தேர்தல் எதிலும் அவர் போட்டியிடவில்லை. கட்சிப் பெரியவர்களின் ஆதரவே அவருக்குப் போதுமாக இருந்தது. உறுப்பினர்கள் கொதித்தெழுந்தனர். அதன்பின் விதிகள் திருத்தப்பட்டன. 1972 முதல், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் சாதாரண வாக்காளர்களின் கைக்கு வந்தது.

அங்கே அயோவா என்றொரு வேளாண்மை மாநிலம் உண்டு. பனி உறையும் குளிர்கால இரவில், அக்கம்பக்கத்தார் பள்ளிக்கூடத்திலோ தேவாலய மண்டபத்திலோ கூடுவார்கள். ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களில் ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவாளரும் ஒவ்வொரு மூலையில் போய் நிற்பார்கள். கூடியிருப்போரில் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து பேராவது இல்லாத மூலை கலைந்துவிடும். கலைந்தவர்களை மற்ற மூலையினர் அழைத்து, “எங்கள் ஆளை ஏன் ஆதரிக்கக் கூடாது?” என்று வாதாடுவார்கள். உழவரும் ஆசிரியரும் ஓட்டுநரும் அதிபராக வரக்கூடியவரைப் பற்றி நேருக்கு நேர் விவாதிப்பார்கள்.

இம்முறையிலும் குறைகள் இருந்தன. இரவு வேலைக்குப் போகிறவரும் கைக்குழந்தையை வைத்திருப்பவரும் வர முடியவில்லை. யார் எந்த மூலையில் நின்றார் என்பது ஊருக்கே தெரிந்தது. 2020இல் முடிவுகளைச் சேர்ப்பதில் குழப்பம் நேர்ந்து, அறிவிப்பு பல நாள் தாமதமாயிற்று. 2024இல் அயோவா ஜனநாயகக் கட்சியினர் வேட்பாளர் தேர்வை அஞ்சல் வாக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். தோட்டத்தில் வாழ்கிற நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மண்டோரும் கடைக்காரரும் உறவினரும் பார்த்துக்கொண்டிருக்கையில் கையைத் தூக்கச் சொன்னால், எத்தனை பேர் மனம்போல் தூக்குவார்கள்? ஆகவே, விவாதம் வெளிச்சத்தில் நடக்கட்டும். வாக்கு மறைவில் விழட்டும்.

சரி, விவாதிப்பது என்றால் எதைப் பற்றி விவாதிப்பது? அதற்கு நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. சோழ நாட்டு உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆட்களைத் தெரிந்தெடுத்த விதத்தை அவை கூறுகின்றன. வயது 35க்கு மேலும் 70க்குள்ளும் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. நிலமுள்ள சிலருக்கு மட்டுமே அங்கு இடமிருந்தது என்பதும், முடிவு குலுக்கலில் அமைந்தது என்பதும் உண்மை. ஆயினும், குடத்தில் பெயர் விழுவதற்கு முன்பே தகுதியைச் சோதிக்க வேண்டும் என்ற அறிவு அன்றே இருந்தது.

அந்த வழியில் நாமும் சில கேள்விகளைக் கேட்கலாம். இவர் முன்பு வகித்த பொறுப்புக்குக் கணக்குக் காட்டினாரா? லயத்து வீட்டுப் பிரச்சினை, தமிழ்ப்பள்ளி, குடியுரிமைப் பத்திரம் ஆகியவற்றில் பேசியது என்ன, செய்து முடித்தது என்ன? ஓராங் அஸ்லி, மலாய்க்காரர், சீனர் ஆகியோருடனும் இணைந்து பணியாற்ற வல்லவரா? தோற்றுப் போனால் முடிவை ஏற்றுக்கொள்வாரா? “நம்ம ஊர்க்காரர்”, “நம்ம ஆள்” என்பன இக்கேள்விகளுக்கு விடையாகமாட்டா. கூட்டத்திற்கு முதல் நாள் கிடைக்கும் அரிசி மூட்டையும் விடையாகாது.

இன்னொரு செய்தியையும் மனத்தில் கொள்வோம். இன்று தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வோரில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இங்கே வாக்கில்லை. ஒரே மலைச்சரிவில் அவர்களோடு உழைத்து, வாக்கும் உடைய நாம் வாய் திறக்காவிட்டால், தோட்டத்தின் குரல் எங்குமே கேட்காது.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு புதிய வாய்ப்பு வந்திருக்கிறது. 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயது நிறைந்த குடிமக்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாகவே ஏறுகிறது. ஆனால் எந்தக் கட்சியின் கிளைப் பட்டியலிலும் பெயர் தானாக ஏறுவதில்லை. அதற்கு மனு எழுத வேண்டும். சந்தா கட்ட வேண்டும். குளிரில் நடந்து கூட்டத்திற்குப் போக வேண்டும். எழுந்து நின்று கேள்வி கேட்க வேண்டும். எந்தக் கட்சி என்பது அவரவர் விருப்பம். எக்கட்சியிலும் சேர விரும்பாதவரும், வேட்பாளர் பெயர் அடிபடத் தொடங்கும்போதே கேள்விகளை எழுதித் தொகுதிப் பொறுப்பாளருக்கு அனுப்பலாம்.

நேயர்களே, அடுத்த முறை கிளைக் கூட்ட அறிவிப்பு கோயில் பலகையிலோ கடைச் சுவரிலோ ஒட்டப்பட்டிருக்கும்போது, அதைப் படிக்காமல் கடந்து போக வேண்டாம். நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெண்களையும் இளைஞர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு சமுதாயத்தின் பாதை மாறுவதற்குப் பதினான்கு பேர் போதும் என்பதை நாம் கண்டோம். அந்தப் பதினான்கு பேரில் நாமும் இருக்கலாம்.