அவுஸ்திரேலியக் கடலடியைக் காணச் செல்வோருக்கு



காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து கடலடியைக் கண்டு வர விழைவோருக்கு, அவுஸ்திரேலியா அளிக்கும் வாய்ப்புக்கள் பல. கிழக்கே, குயின்ஸ்லாந்துக் கரையோரமாக ஏறத்தாழ 2,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பவளப்பாறைகள் பரந்து கிடக்கின்றன. புதிதாகப் பழகுவோர் கெயின்ஸ் நகரிலிருந்து படகேறலாம். தேர்ச்சி பெற்றோர், 1911 ஆம் ஆண்டிற் சூறாவளியில் அகப்பட்டு 122 உயிர்களுடன் அமிழ்ந்த யொங்காலா என்னும் நீராவிக் கப்பலைக் காணலாம். அதனுள்ளே நுழைதல் மட்டும் ஆகாது. மேற்கே, நிங்கலூக் கடலில் மார்ச்சு முதல் யூலை வரை திமிங்கிலச் சுறாக்கள் உலாவும். அவற்றோடு நீந்துவதற்கு மூச்சுக்குழாயே போதும்.

இரு கரைகளையும் ஒரே பயணத்திற் காண விரும்புவோர் பெரும்பாலும் விமானத்தையே நாடுவர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆழத்திலே சுவாசித்த காற்றிலுள்ள நைதரசன் உடலிற் கரைந்து நிற்கும். வானிலே அமுக்கம் குறையும்போது அது குமிழிகளாகி, மூட்டுக்களையும் நரம்புகளையும் தாக்கும். உயிருக்கும் உலை வைக்கும். ஒருமுறை மூழ்கியோர் 12 மணித்தியாலமாவது, பலமுறை மூழ்கியோர் 18 மணித்தியாலமாவது தரையிலே தங்குதல் வேண்டும்.

ஆகவே, கடலுக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழுநாளைக் கரைக்கென ஒதுக்கி வைத்த பின்னரே பயணச்சீட்டை வாங்குங்கள்.