வரி ஏறினா கம்பெனி கடல் தாண்டும், தொழிலாளி எங்கே போவார்?

(2025 செப்டம்பர், தாம்பரம் சானடோரியம் தெருமுனைக் கூட்டத்தில் நமது தோழர் ஆற்றிய உரையிலிருந்து)



2025 ஆகஸ்ட் 27 முதல் நம்ம நாட்டுச் சரக்குல பெரும்பகுதிக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டுச்சு. "அது முதலாளிங்க பிரச்சினை, நமக்கென்ன?"ன்னு சிலர் கேக்கிறாங்க. நமக்கென்னங்கிறதை ஒரு சைக்கிளை வெச்சே சொல்றேன்.

1993-ல சீன சைக்கிளுக்கு ஐரோப்பா 30.6 சதவீதம் கூடுதல் வரி போட்டுச்சு. மலிவு விலையில கொண்டுவந்து கொட்டி எங்க தொழிலை அழிக்கிறாங்கன்னு காரணம் சொன்னாங்க. 2005-ல அது 48.5 சதவீதம் ஆச்சு. வழக்கமான 14 சதவீத இறக்குமதி வரி தனி. அதனால சைக்கிள் வரத்து நின்னுச்சா? இல்லை. இலங்கை, இந்தோனேசியா, மலேசியா, துனிசியா வழியா வர ஆரம்பிச்சுது. 2013-ல அந்த நாலு நாட்டுக்கும் ஐரோப்பா அதே வரியை நீட்டிச்சுது. 2015-ல கம்போடியா, பாகிஸ்தான், பிலிப்பைன்சுக்கும் நீட்டிச்சுது. அங்கேயே உண்மையா சைக்கிள் செய்யற கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு. பக்கத்துல வங்கதேசத்துக்கு ஐரோப்பாவுல வரியே கிடையாது. அங்கே சைக்கிள் ஏற்றுமதி வளர்ந்து நிக்குது.

நம்ம சென்னைக்கே வாங்க. பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் சைக்கிள் ஓட்டாத வீடு உண்டா? அதைச் செஞ்ச அம்பத்தூர் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் 1949-ல தொடங்கின கம்பெனி. 2017-ல இலங்கைக்கு ஐரோப்பா வரிச்சலுகையைத் திருப்பிக் கொடுத்துச்சு. 2018-ல இதே கம்பெனி இலங்கையில ரெண்டு சைக்கிள் கம்பெனிகளோட 80 சதவீதப் பங்கை வாங்கிச்சு. குத்தம் சொல்ல இதைச் சொல்லலை. மூலதனத்துக்குக் கடல் ஒரு தடையே இல்லைன்னு காட்டத்தான் சொல்றேன். ஆனா பெருங்களத்தூர்ல வாடகை வீடு, குரோம்பேட்டையில பிள்ளையோட பள்ளிக்கூடம், கழுத்துவரைக்கும் குழுக் கடன்னு இருக்கிற தொழிலாளி எந்தக் கப்பல் ஏறுவார்?

இப்ப மெப்ஸைப் பாருங்க. 1984-ல ஏற்றுமதிக்குன்னே உருவாக்கின வளாகம். 2025 ஆகஸ்ட் கடைசியில இந்தியாவுல தைச்ச சட்டைக்கு அமெரிக்காவுல கூடுதலா 50 சதவீதம் ஆச்சு. அப்ப வங்கதேசம், இலங்கை, வியட்நாமுக்கு 20. கம்போடியாவுக்கு 19. ஆர்டர் கொடுக்கிறவர் எந்தப் பக்கம் திரும்புவார்னு நான் சொல்லணுமா?

2023 பட்ஜெட்ல இறக்குமதி சைக்கிளுக்கு வரியை 30-லேர்ந்து 35 சதவீதம் ஆக்கினாங்க ஒன்றிய ஆட்சியாளர்கள். தொழிலைக் காப்பாத்த வரி போடத் தெரியுது. அந்தத் தொழில்ல உழைக்கிறவங்களைக் காப்பாத்த என்ன திட்டம் வெச்சிருக்கீங்க?

நம்ம கோரிக்கை மூணு.

1. ஏற்றுமதி நிறுவனங்களுக்கு எந்தச் சலுகை கொடுத்தாலும், ஆட்குறைப்பு கூடாதுங்கிற நிபந்தனையோட கொடுக்கணும்.

2. அமெரிக்காவோடயும் ஐரோப்பாவோடயும் பேசுற வர்த்தக ஒப்பந்தங்களைக் கையெழுத்துக்கு முன்னாடியே நாடாளுமன்றத்துல வெச்சு விவாதிக்கணும்.

3. 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில அரசு கொடுக்கிற விலையில்லா மிதிவண்டியில, தமிழ்நாட்டுல தயாராகிற சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் முன்னுரிமை வேணும். வெளிநாட்டு ஆர்டர் போனாலும் இந்த ஆர்டர் நம்ம கையில இருக்கு.

கடைசியா ஒண்ணு. "ஆர்டர் இல்லை, நாளைக்கு வராதே"ன்னு வாய் வார்த்தையில சொன்னா அப்படியே வீட்டுக்குப் போயிடாதீங்க. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற தொழிற்சாலையில, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த நிரந்தரத் தொழிலாளிக்கு லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததுல பாதி கொடுக்கணும். 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் அப்படித்தான் சொல்லுச்சு. 100 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா அரசோட முன் அனுமதியும் வேணும்னு அந்தச் சட்டத்துல இருந்துச்சு. சிறப்புப் பொருளாதார மண்டலம்னு சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கு இதை மறுக்கப் பார்ப்பாங்க. அதுக்குத்தான் சங்கம்.

சம்பள சிலிப், அடையாள அட்டை, பி.எஃப். எண் மூணையும் இன்னைக்கே போட்டோ எடுத்து வையுங்க. பிரச்சினை வந்தா தனியா அழாதீங்க, நம்ம தாம்பரம் அலுவலகத்துக்கு வாங்க. இதைப் படிக்கிற தோழர்கள், மெப்ஸ்ல வேலை பார்க்கிற ஒரு சகோதரிக்காவது இதை அனுப்புங்க.

ட்ரம்ப் போட்ட வரியைத் தொழிலாளி தலையில கட்ட விடமாட்டோம்!