எழுதினால் சோறு கிடைக்குமா?

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"பிள்ளைகளின் எதிர்காலம்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அது மிகப் பெரிய தலைப்பு. டாக்டர், வக்கீல், இஞ்சினியர் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு நானும் உட்கார்ந்துவிடலாம். ஆனால் எனக்கு இன்றைக்கு ஒரு கடன் இருக்கிறது. ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஒரே ஒரு பிள்ளையைப் பற்றியும் ஒரே ஒரு தொழிலைப் பற்றியும் மட்டும் பேசிக்கொள்கிறேன்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு "என் இலட்சியம்" என்று கட்டுரை கொடுத்திருந்தேன். வழக்கம்போலத்தான் எல்லாம் வந்தது. ஒரு மாணவி மட்டும், "நான் கதை எழுதிச் சம்பாதிப்பேன். மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியும் கொடுப்பேன்" என்று எழுதியிருந்தாள். அந்த இரண்டாவது வாக்கியத்துக்குக் காரணம் நான்தான். ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் நான் சிவப்புப் பேனாவும் கையுமாக அச்சுப்படி திருத்துவதை அவள் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். "அது என்ன வேலை சார்?" என்று கேட்டாள். சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம்!

மறுவாரம் அவள் அப்பா வந்தார். கோபமாக வரவில்லை. கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாசலிலேயே நின்றுகொண்டு, "சார், நான் குலை வெட்டுறேன். எம்புள்ளை பேனா புடிச்சுப் பொழைக்கணும்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். ஆனா கதை எழுதுனா சோறு கிடைக்குமா சார்?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாள் பொறுங்க அண்ணே, சொல்றேன்" என்றேன். இன்றைக்கு அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். எங்கே என்று நான் காட்ட மாட்டேன்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. ஆசிரியர் பயிற்சிக்குப் போவதற்கு முன்பு இரண்டு ஆண்டுகள் நான் அந்தப் பிழைப்புதான் பிழைத்தேன். முதலாளி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது. செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை. ஒரு மேசை, ஒரு பழைய கணினி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. நான் பார்த்த பணி, கதை எழுதுவது. பிறர் எழுதிய புத்தகங்களைத் திருத்தி அச்சுக்குக் கொடுப்பது.

விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவேன். பெரட்டுக்குப் போகும் வீட்டில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் தூக்கம் வராது. எட்டு மணி வரைக்கும் சொந்தக் கதை. கதை எழுதுவது என்றால் ஏதோ மனசு பொங்கி வழியும் என்று நினைப்போம். அப்படி வழிந்த நாள்கள் சில உண்டு; விரல் விட்டு எண்ணலாம். மற்ற நாளெல்லாம் நேற்று எழுதியதைப் படித்து, பாதியை அடித்து, நாலு வரி சேர்த்து எழுந்திருப்பதுதான். எட்டு மணிக்குக் கீழே போய் ரொட்டி சானாய் பசியாறிவிட்டு வந்தால், பிறகு பொழுது சாயும் வரைக்கும் அடுத்தவர் எழுத்து.

திருத்துவது என்றால் என்ன? "வல்லினம் மிகும் இடம் மிகா இடம் பார்ப்பதுதானே?" என்று கேட்பார்கள். அதுவும்தான். லகர, ளகர, ழகரம் பார்க்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் அக்காவாக வந்தவர் ஐந்தாம் அத்தியாயத்தில் தங்கையாக மாறியிருப்பார், அதையும் பார்க்க வேண்டும். ஆனால் உண்மையான வேலை அது அல்ல.

ஒரு பெரியவர் தம் வாழ்க்கைக் கதையைக் கையால் எழுதி, பிஸ்கட் டின்னில் வைத்துக் கொண்டுவந்தார். கித்தா தோட்டத்தில் பிறந்து, கிராணியாகி, ஓய்வு பெற்றவர். தோட்டத்து ஆற்று வெள்ளத்துக்கு ஏழு பக்கம் எழுதியிருந்தார். துரை வைத்திருந்த நாய்க்கு மூன்று பக்கம். அவர் மனைவி இறந்ததற்கு ஒரே வரி. எழுத்துப் பிழை எதுவும் அந்த வரியில் இல்லை. ஆனாலும் நான் அதன் பக்கத்தில் பென்சிலால், "அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் ஐயா?" என்று எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் பதில் இல்லை. மனசைப் புண்படுத்திவிட்டோமே, இந்த வேலையும் போச்சு என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்து ஒன்பது பக்கம் கொடுத்தார். "இத யார்கிட்டயும் சொன்னதில்ல தம்பி" என்றார். அந்தப் புத்தகத்தில் படிக்கத்தக்க பகுதி அந்த ஒன்பது பக்கம்தான். அதில் என் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. கேள்வி மட்டும் என்னுடையது.

என் பிழையையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா? ஒரு கோயில் கும்பாபிஷேக மலரை நான் பார்த்துக் கொடுத்தேன். அதில் நன்கொடையாளர் ஒருவர் பெயருக்கு முன்னால் "அமரர்" என்று அச்சாகிவிட்டது. அந்த "அமரர்" மறுநாள் காலை பத்து மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினார். நல்ல திடகாத்திரமான மனிதர்! அந்தப் பக்கத்தை என் செலவில் மறுபடி அச்சிட்டு ஒட்டிக் கொடுத்தேன். இன்றைக்கும் நன்கொடைப் பட்டியல் என்றால் எனக்குக் கை நடுங்கும்.

இனி காசு விசயம். நல்ல மாதத்தில் தொள்ளாயிரம் வெள்ளி பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் நூற்று நாற்பது. அறை வாடகையோ நூற்று எண்பது. ஒரு பதிப்பாளர் எட்டு மாதம் இழுத்தடித்தார். போன் செய்தால், "அடுத்த வாரம் வாங்க தம்பி" என்பார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் கடைக்காரர்கள் கொடுக்கவில்லை. ஆனால் வாடகை கேட்கிற வீட்டுக்காரரிடம் அந்தச் சங்கிலியை விளக்க முடியுமா?

உங்களுக்கு இது புதிதாகவா இருக்கும்? குலை வெட்டினால் காசு, மழை பிடித்துக்கொண்டால் துண்டில் விழுந்துவிடும். ஆனால் உங்கள் குலையை மண்டோர் எண்ணிக் குறித்துக்கொள்கிறார். சேமநிதி பிடிக்கிறார்கள். கையில் முள் குத்திச் சீழ் வைத்தால் சொக்சோ இருக்கிறது. தனியாக எழுதிப் பிழைப்பவனுக்குக் காய்ச்சல் வந்தால் காய்ச்சல் மட்டும்தான் வரும். சேமநிதியில் தானாகவே கட்டலாம் என்று வழி இருக்கிறது. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கட்டியிருப்பேனா என்பது வேறு கதை.

இரண்டாம் ஆண்டுக் கடைசியில் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தங்கை இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன். கிடைத்தது. அறையைக் காலி செய்தேன். தோற்றுத் திரும்பினேன் என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அந்த நேரத்தில் வீட்டுக்கு மாதச் சம்பளம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நாலரை மணியை மட்டும் நான் விடவில்லை. இப்போதும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் கதை. சனிக்கிழமைகளில் அச்சுப்படி. (அனுமதி வாங்கித்தான் செய்கிறேன். யாரும் தலைமையாசிரியர் முகத்தைப் பார்க்க வேண்டாம்!)

நான் சின்ன ஆள். பெரிய ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் கு. அழகிரிசாமி. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல் என்ற கிராமத்தில் 1923-ல் பிறந்தவர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. அந்தக் காலத்தில் அது எப்பேர்ப்பட்ட உத்தியோகம்! அதை விட்டுவிட்டு, எழுத்தே பிழைப்பு என்று சென்னைக்குப் போனார். பத்திரிகை பத்திரிகையாக வேலை பார்த்தார்.

அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? 1952-ல் அவர் கப்பலேறி இங்கே வந்தார். கோலாலம்பூரில் "தமிழ் நேசன்" பத்திரிகையில் 1957 வரைக்கும் இருந்தார். பகலில் பத்திரிகை வேலை. அதோடு இந்த நாட்டு இளம் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்து "இலக்கிய வட்டம்" நடத்தினார். தோட்டத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் வந்த எழுத்தைப் படித்துக் குறை நிறை சொன்னார். இந்த மண்ணில்தான் அவருக்குக் கலியாணமும் நடந்தது.

திரும்பிப் போய் "நவசக்தி" நாளிதழில் வேலை பார்த்தார். அதன் பிறகு உத்தியோகம் இல்லாத ஆண்டுகள் உண்டு. வீட்டில் உட்கார்ந்து எழுத்தை நம்பியே குடும்பம் நடத்தினார். கம்பனைப் பற்றி "கவிச்சக்கரவர்த்தி" என்று நாடகம் எழுதினார். மாக்சிம் கார்க்கியைத் தமிழில் கொடுத்தார். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பிழையில்லாமல் பதிப்பித்தார். கவனியுங்கள், எழுத்துக்காரரே திருத்துகிறவராகவும் இருந்தார். 1970-ல் "சோவியத் நாடு" பத்திரிகையில் நல்ல வேலை கிடைத்தது. அதே ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் காலமானார். வயது 46. "அன்பளிப்பு" என்ற அவருடைய கதைத் தொகுதிக்குச் சாகித்திய அகாடமி பரிசு வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அந்தத் தலைப்புக் கதையை இந்தப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் டைரியும் கொடுத்து மகிழும் ஒருவர், ஒரே ஒரு பையனைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். அந்தப் பையன் என்ன செய்கிறான் தெரியுமா? தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, அன்பளிப்பாகக் கொடுத்ததாக எழுதிக் கொடுங்கள் என்கிறான். பரிசளிப்பு விழா நடத்தும் நாமெல்லாம் அந்தப் பையனை நினைத்துக்கொள்வது நல்லது. மேடைக்கு வராத பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆக, அண்ணே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சோறு கிடைக்கும் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. அழகிரிசாமி வேலை பார்த்த "தமிழ் நேசன்" 1924-ல் பிறந்தது, 2019-ல் நின்றுபோனது. கதைக்குக் காசு கொடுக்கும் இடம் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. தமிழ்க் கதை மட்டும் எழுதி இந்த நாட்டில் குடும்பம் நடத்துவது மிகவும் கடினம். நான் முயன்று பார்த்துச் சொல்கிறேன். ஆனால் திருத்தும் தொழிலும் மொழிபெயர்ப்பும் தெரிந்தவளுக்கு வேலை இருக்கிறது, தமிழோடு மலாயும் ஆங்கிலமும் பிழையில்லாமல் தெரிந்தால். ஆகவே பாப்பா மலாய்ப் பாடத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் செலுத்த வேண்டும். கணக்குப் பாடத்தையும் விடக் கூடாது. எவனெவன் எவ்வளவு பாக்கி என்று நான் எழுதி வைக்காததால் போன காசு கொஞ்சமா!

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987-ல் வந்தது. அதன்படி, ஒருவர் எழுதியது அவர் வாழ்நாள் முழுக்கவும், அவருக்குப் பின் 50 ஆண்டுகளும் அவருடையது, அவர் பிள்ளைகளுடையது. லயத்து வீடு நம்முடையது இல்லை. வேலை நின்றால் காலி செய்ய வேண்டும். எழுதிய கதையை, நாமாக விற்றாலொழிய, யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. அது எவ்வளவு விலை போகும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு, விடியற்காலையில் எழுதட்டும். பிற்பாடு எழுத்து அவளைத் தாங்கும் என்று தெரிந்தால் அவளே முடிவு செய்துகொள்வாள். நான் கண்ட வழி இது. இதைவிட நல்ல வழி அவளுக்குத் தெரியலாம்.

இந்த ஆண்டு மலருக்கு அவள் ஒரு கதை கொடுத்திருக்கிறாள். மழையில் நனைந்து, வெட்டு இல்லாமல் வீடு திரும்பும் ஓர் அப்பாவின் கதை. இரண்டு ஒற்றுப் பிழைதான் திருத்தினேன். ஓர் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன்: "அப்பா உள்ளே வந்ததும் அம்மா என்ன சொன்னார்?" பதில் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அண்ணே, வீட்டில் கொஞ்சம் ஞாபகப்படுத்துங்கள்.